கோ, வென்ட், கோன்

ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்தில் வகுக்கப்பட்டவை. இக்காலத்து லாரிகள் அவற்றுள் நுழைவது எளிது, வெளிப்படுவதே அரிது. சின்னாட்களுக்கு முன், கடைத்தெருவை ஒட்டிய குறுகிய சந்தொன்றில், வெங்காய மூட்டை சுமந்து வந்த லாரி ஒன்று முன்னே செல்ல இடமின்றியும் பின்னே பெயர வழி தெரியாமலும் அகப்பட்டு நின்றது. மலாய் இளைஞர் ஒருவர் ஓடிவந்து கையை அசைத்து, "கோஸ்தான், கோஸ்தான்!" என்றார். காப்பிக் கடையில் அமர்ந்திருந்த சீனப் பெரியவர் எழுந்து அதே சொல்லைச் சொன்னார். மாலை தொடுத்துக்கொண்டிருந்த நம்மவர் ஒருவரும் பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அண்ணே, கோஸ்தான் எடுங்க" என்று குரல் கொடுத்தார். லாரி மெல்லப் பின்வாங்கிற்று, தெருவும் வழிவிட்டது.

உடன் வந்த நம் பேத்தி நகைத்தாள். கோலாலம்பூரிற் சட்டம் பயிலும் பெண், விடுமுறைக்கு வந்திருந்தாள். "தாத்தா, மூன்று பேரும் மூன்று பாஷைக்காரர், மூவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அது யாருடைய வார்த்தை?" என்று வினவினாள். வீடு சேருமுன் விடை கூறிவிட்டோம். ஆயினும் அவ்விடை நம்மை விட்டபாடில்லை. அன்றிரவு அஃது எங்கெங்கோ நம்மை இழுத்துச் சென்று, ஐம்பதாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு துறைமேடையிற் கொண்டுபோய் நிறுத்திற்று. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கோஸ்தான் என்பது ஆங்கிலமே. மாலுமிகள் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்துமாறு இடும் கட்டளை 'கோ அஸ்டெர்ன்' என்பது. 'கோ' என்றால் போ. 'ஸ்டெர்ன்' என்றால் கப்பலின் பின்புறம். சுக்கான் பிடித்து வழி திருப்புதல் என்னும் பொருளுடைய வடகடல் நாட்டாரின் பழஞ்சொல் ஒன்றிலிருந்து வந்தது அது. சுக்கான் இருக்குமிடம் பின்புறமாதலின் பின்புறத்துக்கே பெயராயிற்று. துறைமுகத்திற் கேட்ட அக்கட்டளை, கடலோடிகள் வாயிலும் மூட்டை சுமப்போர் வாயிலும் புகுந்து தேய்ந்து, 'கோஸ்தான்' என்றாகிக் கரையேறி, லாரிக்கும் மோட்டாருக்கும் உரியதாயிற்று. இன்று அதனை நாள்தோறும் சொல்வோருட் பலர், அச்சொல்லினுள்ளே ஒரு கப்பல் மறைந்திருப்பதை அறியார்.

தமிழிற் பிறமொழி கலத்தலாகாது என்று கூறும் நண்பர் நமக்குப் பலர் உண்டு. நம்மிடம் நல்ல சொல் இருக்கவும் சோம்பலால் அயற்சொல்லை எடுத்தாளுதல் இழிவு என்று அவர் கூறுவதை நாமும் ஒப்புகின்றோம். ஆயினும் கொடுக்கல் வாங்கல் கணக்கை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். மலாயர் கப்பலைக் 'காப்பால்' என்பர். அது நம் கப்பலே. கடையைக் 'கெடாய்' என்பர்; அது நம் கடையே. பெட்டியும் அவர்களிடம் 'பெத்தி' என வாழ்கின்றது. ஆங்கிலேயர் அகராதியில் நம் கட்டுமரமும் சுருட்டும் குடியேறி நெடுங்காலம் ஆயிற்று. கப்பல் என்னும் சொல்லை நாம் கொடுத்தோம். அதனைப் பின்னே நகர்த்தும் சொல்லைப் பெற்றோம். துறைமுகத்தை அண்டிப் பிழைக்கும் மக்களுக்கு இதில் நாணம் என்னை?

நிற்க. அந்தக் 'கோ' என்னும் வினைச்சொல்லோடு நமக்கு உண்டான முதற் பழக்கம் பிரம்படியோடு கலந்தது. 1967 ஆம் ஆண்டில் நாம் மூன்றாம் வகுப்பிற் படித்தோம். காலையிற் தமிழ்ப் பாடத்தில், 'கோ' என்றால் அரசன், 'கோன்' என்றாலும் அரசன் என்று கற்றோம். அன்று பிற்பகலிலேயே ஆங்கிலப் பாடத்தில், 'கோ' என்றால் போ, 'கோன்' என்றால் போய்விட்ட என்று கற்றோம். அரசர் இருவரும் போய்விட்டனர், அது போகட்டும். அவ்விருவர்க்கும் நடுவே 'வென்ட்' என்று ஒருவர் நிற்கின்றாரே, அவர் யார்? நடப்பதற்கு 'வாக்' என்பதும் நடந்ததற்கு 'வாக்ட்' என்பதும் பொருந்தியிருக்க, போனதற்கு மட்டும் 'கோட்' என்னாமல் 'வென்ட்' என்பது ஏன்? 'கோட்' என்றே நாம் ஒப்பித்தோம். கையில் இரண்டு விழுந்தன. ஆசிரியர் நல்லவர், அவர்க்கும் காரணம் தெரியாது. "அது அப்படித்தான். கோ, வென்ட், கோன். நூறு தரம் எழுது" என்றார்.

நூறு தரம் எழுதியும் விளங்காதது, வயது வந்தபின் ஓர் அகராதியைப் புரட்டியபோது விளங்கிற்று. ஆங்கிலத்தின் பழைய நிலையில் இவ்வினை 'கான்' என்று வழங்கிற்று. ஜெர்மானியர் வாயில் இன்று 'கேஹென்' என்றிருப்பது இதன் உடன்பிறப்பே. அக்காலத்தில் 'போனான்' என்பதற்கு 'எயோதெ' என்னும் வேறொரு சொல்லை வழங்கினர். வேர் வேறாயினும் வேலை ஒன்று. காலப்போக்கில் அஃது நலிந்தது. அப்போது, திரும்புதல், வழிபார்த்துச் செல்லுதல் என்னும் பொருளுள்ள 'வெண்டு' என்னும் வேறொரு வினை பக்கத்தில் இருந்தது. அதன் இறந்தகாலமே 'வென்ட்'. ஏறக்குறைய 15 ஆம் நூற்றாண்டளவில் ஆங்கில மக்கள் அந்த 'வென்ட்' என்பதை எடுத்துக் 'கோ' என்பதன் இறந்தகாலமாக அமர்த்திவிட்டனர். தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்டு' புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு, நூல்வழக்கில் மட்டும் அரிதாக உயிர்வாழ்கின்றது.

பாருங்கள்! உலகாண்ட மொழி என்று நாம் அஞ்சிப் பயின்ற மொழியில், குழந்தை முதலிற் கற்கும் வினைகளுள் ஒன்றே, தன் பழங்காலத்தை இழந்து அயல்வீட்டாரிடம் வாங்கி நிற்கின்றது. பிரெஞ்சு மொழியிலோ, போதலைக் குறிக்கும் வினை மூன்று வேறு வேர்களை ஒட்டவைத்து நடக்கின்றது. தூய மொழி என்று யாரும் யாரையும் மிரட்டத் தேவையில்லை. அன்று 'கோட்' என்று சொன்ன சிறுவன் அறிவிலியுமல்லன். மொழி செல்லவேண்டிய நேர்வழியை அவன் கண்டான். மொழி வேறு வழியிற் போயிருந்தது.

இனி, அச்சொல்லின் பொருள்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் மனிதன் மட்டுமோ போகின்றான்? கடிகாரம் போகின்றது, காசு போகின்றது, கண் போகின்றது, பால் கெட்டுப் போகின்றது. நல்லது நேர்வதைச் சொல்லும்போது 'வா' என்னும் வினையைத் துணைக்கழைத்து, கனவு மெய்யாகி 'வந்தது' என்பர். தீயது நேர்வதைச் சொல்லும்போது 'போ' என்பதை அழைத்து, பித்தாய்ப் 'போனான்', குருடாய்ப் 'போனான்' என்பர். நாமும் அங்ஙனமே அன்றோ? ஊசிப் போயிற்று, உடைந்து போயிற்று, செத்துப் போனார் என்கின்றோம். வந்தால் நன்மை, போனால் இழப்பு என்னும் எண்ணம், கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒருவரையொருவர் கேளாமலே மக்கள் மனத்தில் ஊன்றியிருக்கின்றது. மழை 'பெய்யப் போகின்றது' என்று நாம் எதிர்காலத்தைச் சொல்வதுபோலவே ஆங்கிலேயரும் 'போ' என்பதைக்கொண்டே சொல்கின்றனர். நாளை என்பது ஓர் ஊர். அதை நோக்கி எல்லோரும் நடந்துகொண்டிருக்கின்றோம் என்பது இரு சாராரின் கருத்துப் போலும்.

ஏலக்கடையில் ஆங்கிலேயர், 'போகின்றது, போகின்றது, போயிற்று' என்று கூவிச் சுத்தியலைத் தட்டுவர். நாமோ, 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்போம். அவர் பொருள் கைமாறிப் போவதைப் பார்க்கின்றார். நாம் கேட்போர்க்குத் தரும் தவணையைப் பார்க்கின்றோம். (நம் ஏலமும், மலாயர் கூறும் லேலோங்கும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த ஒரே சொல்லின் இரு குழந்தைகள் என்பதையும் இடையே சொல்லிவைக்கின்றோம்.)

ஆயினும் தமிழில் ஒரு தனிப் பழக்கம் உண்டு. நம்மவர் போதலைத் தனியே விடுவதில்லை. வருதலையும் அதனோடு முடிச்சிடுவர். தெருவில் ஓடும் வண்டிகளின் இயக்கம் போக்குவரத்து. பணத்தின் கணக்கு வரவு செலவு. பழந்தமிழிற் செலவு என்றால் பயணம் என்றே பொருள்; சென்றது செலவு, வந்தது வரவு. கணக்கன் ஏட்டில் இவ்விரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதப்படினும், ஒன்றின்றி மற்றொன்று கணக்காகாது.

இம்முடிச்சு இறுகத் தெரிவது விடைபெறும்போதுதான். ஆங்கிலேயர் பிரியும்போது சொல்லும் சொல், 'கடவுள் உம்மோடிருப்பாராக' என்னும் வாழ்த்துத் தேய்ந்து குறுகியது. மலாயர், செல்வோரைப் பார்த்து 'நலமாகச் செல்க' என்றும், இருப்போரைப் பார்த்து 'நலமாக இருக்க' என்றும் வேறு வேறாக வாழ்த்துவர். மிக அழகிய பழக்கம். நாமோ வாழ்த்துவதில்லை, 'போய் வருகிறேன்' என்று ஒரு செய்தி சொல்கின்றோம். இருப்போர், 'போய் வா' என்று மறுமொழி சொல்கின்றனர். வெறுமனே 'போகிறேன்' என்பது அமங்கலம் என்று பெரியோர் தடுப்பர்.

நம் பாட்டியார் இதில் மிகக் கண்டிப்பானவர். 1929 ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, கங்காணி ஒருவரின் பெயர்ப்பட்டியலிற் சேர்ந்த பெற்றோரோடு நாகப்பட்டினத்திற் கப்பலேறி வந்தவர். தொற்றுநோய்க் காவலுக்காக ஜெரெஜாக் தீவில் இறக்கி வைத்திருந்த நாட்களைப் பற்றி, கிழவியான பின்னும் அடிக்கடி சொல்வார். பிறகு செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கேயே மணம், மகப்பேறு, கைம்மை. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும்போது, தூங்கும் குழந்தைகளிடத்திலும் "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டே லயத்தின் படி இறங்குவார். பால்மரக் காட்டுக்குப் போவோர், பத்து மணிக்கு மேல் திரும்பி வருவோர். அதற்கும் அச்சொல் வேண்டும்.

அக்காலத்தில் நாம் பெரிய பகுத்தறிவாளர்! வயது பன்னிரண்டு. சீர்திருத்தக் கூட்டங்களுக்குத் தந்தையாரோடு லாரியிற் சென்று, மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, மூடப்பழக்கம் எது கண்ணிற் பட்டாலும் அடிக்கக் கை துறுதுறுக்கும் பருவம். "பாட்டி, சொல்லில் என்ன இருக்கிறது? போகிறேன் என்று சொன்னால் திரும்பி வராமற் போய்விடுவேனோ? கால் இருந்தால் வருவேன்" என்று வாதிட்டோம். பாட்டியார் சினக்கவில்லை. "போறேன்னு சொல்லாதடா. போயிட்டு வாரேன்னு சொல்லு. கேக்கிறவங்களுக்காகச் சொல்றதுடா அது" என்றார். அக்கடைசி வாக்கியத்தை நாம் அன்று காதில் வாங்கவில்லை.

1968 ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. அடுத்த ஆண்டு முதல் அது நடைமுறைக்கு வர, இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதார் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை பார்த்தல் இயலாதென்றாயிற்று. தோட்டங்கள் நடுங்கின. பல்லாயிரவர் மூட்டை கட்டினர். நம் தந்தையார் இம்மண்ணிற் பிறந்தவர். அவர்க்குச் சான்று இருந்தது. பாட்டியாரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. 1957 இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழி இருந்தது. "தோட்டத்தை விட்டு எங்கேயும் போகாதவளுக்குக் காகிதம் எதுக்கு?" என்று சொல்லி அவர் இருந்துவிட்டார், மற்றவரும் இருந்துவிட்டனர்.

ஓர் அலுவலகத்திற்கு அவரை அழைத்துச் சென்றபோது, ஆங்கிலம் தெரிந்தவன் என்று நம்மையும் கூட்டிச் சென்றனர். நெடுநேரம் வரிசையில் நின்றபின், அலுவலர் தாள்களைப் புரட்டி, சிலவற்றைக் குறித்துக்கொண்டு, சீட்டை நீட்டிக்க இயலாதென்று தந்தையாரிடம் மலாயிற் சொன்னார். பிறகு நம் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், "நீங்கள் போகலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நாமும் பெருமிதத்தோடு, "பாட்டி, போகலாமாம்" என்று மொழிபெயர்த்தோம். பாட்டியார் நம் முகத்தைப் பார்த்து, "எங்கடா? வீட்டுக்கா, ஊருக்கா?" என்று கேட்டார்.

கோ, வென்ட், கோன் என்று நூறு தரம் எழுதியிருந்தோம். அக்கேள்விக்கு அதில் விடை இல்லை.

1970 ஆம் ஆண்டில் ஒரு நாள், ரஜூலாக் கப்பலில் அவர் புறப்பட்டார். 1926 இற் கட்டிய அந்தக் கப்பலை அறியாத தமிழ்க் குடும்பம் அக்காலத்து மலாயாவில் இல்லை எனலாம். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், மீன்டின்கள் சில, பேரப்பிள்ளைகளின் புகைப்படம் ஒன்று. துறைமேடையில் அவர் அழவில்லை. ஒவ்வொருவரையும் தொட்டு, "போயிட்டு வாரேன்" என்றார். தந்தையார், "போய் வாங்கம்மா" என்றார். நாமும், வாதமெல்லாம் மறந்து, "போய் வாங்க பாட்டி" என்றோம். கயிறுகளை அவிழ்த்தனர். கப்பல் முதலிற் சற்றே பின்னோக்கி நகர்ந்தது. லாரி ஓட்டியே பழகிய தந்தையார், தம்மையறியாமல், "கோஸ்தான் எடுக்கிறான்" என்று மெல்லச் சொன்னார். பின்னே போகும் வண்டி மறுபடி முன்னே வரும் என்பதுதானே நாம் கண்ட வழக்கம். சிறுவர்களாகிய நமக்கு அச்சொல் ஆறுதலாயிருந்தது.

பாட்டியார் ஊரிலிருந்து யாரோ எழுதிக்கொடுத்த கடிதங்கள் வந்தன. 'அடுத்த தைக்கு வருகிறேன்' என்று முடியும். தந்தையார், 'அடுத்த ஆண்டு அழைத்துக்கொள்கிறோம்' என்று விடை எழுதுவார். வருகைச் சீட்டு வாங்கிச் சில மாதங்களேனும் வந்திருக்கலாம். அதற்கு விண்ணப்பம் வேண்டும், கப்பற் கட்டணம் வேண்டும். ரஜூலா 1973 இல் ஓய்வு பெற்றது. அதன் வழித்தடத்தில் சிதம்பரம் என்னும் புதுக் கப்பல் ஓடிற்று. கப்பல் இருந்தது, தை மாதமும் தவறாமல் வந்தது. 1977 இல் நாம் இத்தீவில் எழுத்தர் வேலையில் அமர்ந்தோம். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினோம். மறு ஆண்டு, பாட்டியார் இறந்து பதினாறாம் நாட் சடங்கும் முடிந்த செய்தி கடிதத்தில் வந்தது. அக்கடிதத்தை எழுதியவர், 'ஆத்தா போய்விட்டார்கள்' என்று எழுதியிருந்தார். அங்கே 'வருகிறேன்' இல்லை.

அன்பர்களே! சொல்லில் மந்திரம் இல்லை என்று பன்னிரண்டு வயதில் நாம் வாதிட்டது உண்மையே. இன்றும் அதிலிருந்து பிறழவில்லை. 'போய் வருகிறேன்' என்று முறைப்படி சொன்னவர் வரவில்லை. அச்சொல்லுக்குத் திருப்பிக் கொணரும் ஆற்றல் இருந்திருக்குமாயின், அந்த ஆண்டுகளிற் கப்பலேறிய பல்லாயிரவரும் திரும்பியிருப்பர். அவர்களும் அதனையே சொல்லிச் சென்றனர்.

ஆனால் நம் வாதத்தில் ஒரு பிழை இருந்தது. சொல்லில் மந்திரம் இல்லையெனில் சொல்லில் ஒன்றுமே இல்லை என்று முடித்துவிட்டோம். 'கேட்கிறவர்களுக்காகச் சொல்வது' என்று பாட்டியார் கூறியதை இப்போதுதான் விளங்கிக்கொள்கின்றோம். 'போய் வருகிறேன்' என்பது போவோர் இருப்போர்க்குத் தரும் வாக்கு. 'போய் வா' என்பது இருப்போர் போவோர்க்குத் தரும் வாக்கு. கதவு திறந்திருக்கும், வழி செய்து வைப்போம் என்பதே அதன் பொருள். வா என்று சொன்னவர் நாம், வரவழைக்காதவரும் நாமே. சட்டம் ஒரு கதவை அடைத்தது மெய். மற்றொரு சிறு கதவு எட்டாண்டு திறந்தேயிருந்தது. அதன் வழியே அழைப்பதற்கு விண்ணப்பத் தாள் ஒன்றும் சில மாதச் சேமிப்புமே வேண்டியிருந்தன. மூடநம்பிக்கை என்று சொல்லை எள்ளினோம். எள்ளிய சொல்லின் கடமையையும் அதனோடே எறிந்துவிட்டோம். இது சீர்திருத்தமன்று.

ஆகவே, நேயர்களுக்கு ஒரு சொல். இன்றும் இந்நாட்டிலேயே பிறந்து, பிறப்புச் சான்றும் நீல அடையாளக் கார்டும் இன்றி அலைவோர் நம்மவருள் இருக்கின்றனர். 'எங்கும் போகாதவனுக்குக் காகிதம் எதற்கு' என்று கூறுவோரும் இருக்கின்றனர். உங்கள் லயத்தில், உங்கள் அடுக்குமாடியில் அத்தகையோர் ஒருவர் இருப்பின், ஒரு காலைப்பொழுதை அவருக்காகச் செலவிடுங்கள். உடன் சென்று தாளை நிரப்பிக் கொடுங்கள். அலுவலர் சொல்வதை மொழிபெயர்க்கும்போது, 'போகலாம்' என்று மட்டும் சொல்லி நில்லாது, எங்கே, எதுவரை, எப்போது திரும்ப வரவேண்டும் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

பேத்தி ஞாயிறன்று புறப்பட்டாள். பட்டர்வொர்த்திற் ரயிலேற வேண்டும். அதற்கு முன் படகு. 2020 இறுதி வரை அந்நீரிணையில் ஓடிய பெரிய படகுகளுக்கு முன் பின் என்பதில்லை. இரு முனையும் முகமே. அவை கோஸ்தான் எடுக்காமலே அக்கரை சென்று, கோஸ்தான் எடுக்காமலே இக்கரை மீளும். இப்போது ஓடுபவை வேறு, சிறியவை. படகுத்துறையில் அவள், இக்காலத்துப் பிள்ளைகள் சொல்வதுபோல், "ஐ கோ ஃபர்ஸ்ட், தாத்தா" என்றாள். 'நான் முன்னே போகிறேன்' என்பது அதன் பொருள். முன்னே போகவேண்டியவர் நாமன்றோ என்று மனத்துள் நகைத்துக்கொண்டோம். அவளைத் திருத்தவில்லை. அவள் சொல்லவேண்டியதை அவள் சொன்னாள். நாம் சொல்லவேண்டியது நம்மிடம் இருந்தது.

"போய் வா" என்றோம். தீபாவளிக்குத் திரும்பி வருவதற்கான ரயிற் சீட்டை முன்னரே வாங்கி வைத்திருந்தோம். அதையும் அவள் கையிற் கொடுத்தோம்.